ஏழாம் மாதத்தில் வீடு திரும்பியவனின் நாட்குறிப்பு

ஜூன் 12, 2024, புதன்

குலசேகரம் சந்தியில் இறங்கும்போதே மழை. அப்பா குடையோடு நின்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு, "கண்ணு இன்னும் மஞ்சளாத்தான் கெடக்கு" என்றார். வீடு வரும்வரை வேறு பேச்சில்லை.

மத்தியானம் கோவையிலிருந்து சபைத் தலைவர் போனில் அழைத்தார். மஞ்சள்காமாலை முழுக்கக் குணமாகும்வரை, ஹைதராபாத்தில் சபைக்காகச் செய்துவந்த ஊழியத்திலிருந்து என்னை விடுவிப்பதாகவும், பெயர்ப்பட்டையைக் கழற்றிவிடலாம் என்றும் சொன்னார். கறுப்புப் பட்டை. அதில் 'எல்டர்' என்றும் (ஊழியம் செய்யும் ஆண்களை அப்படித்தான் அழைப்போம்) பக்கத்தில் அப்பாவின் பெயரும் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அதனால் தகப்பன் பெயர்தான் அந்த இடத்துக்குப் போகிறது. கீழே, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்றால்தான் ஊரில் தெரியும். ஆனால் முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று, 2018இல் எங்கள் உலகத் தலைவரான நெல்சன் அந்த வருடமே கேட்டுக்கொண்டார், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

24 மாதம் போட்டிருக்க வேண்டிய பட்டை. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

பாட்டி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தருகிறாள். டாக்டர் மாத்திரையும் நடக்கிறது. எண்ணெய் இல்லாத கஞ்சி, பயறு. சக்கைப்பழக் காலம், வீடெல்லாம் மணக்கிறது. எனக்கு ஒரு சுளையோடு சரி.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். "ரெண்டு வருசம்னு சொன்னியே மக்கா?" அம்மா எல்லாருக்கும் சாயா போடுகிறாள், எனக்கு மட்டும் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட தண்ணி. நாங்கள் சாயாவும் காப்பியும் குடிப்பதில்லை என்பதை அம்மா ஏற்றுக்கொள்ள மூன்று வருடம் ஆனது. கோவையில் படிக்கும்போது நான் ஞானஸ்நானம் எடுத்த செய்தி வந்த அன்று அவள் அழுததே இந்தச் சாயாவுக்காகத்தான். "வீட்டுக்கு வந்தா ஒரு வாய் குடிக்க மாட்டியா?" என்று கேட்டாள். அப்பா அழவில்லை, என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஹைதராபாத் ஆஸ்பத்திரியில் "நீ ஊருக்குப் போகணும்" என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. துக்கம் அடுத்த நாள்தான் வந்தது. உடம்பு முடியாமல் வந்தேனா, மனசு முடியாமல் வந்தேனா என்ற கேள்வி ராத்திரியெல்லாம் தூங்க விடவில்லை.

ஜூன் 24, திங்கள்

திங்கள்கிழமை என்றால் ஊழியத்தில் எங்களுக்குப் பி-டே, அதாவது ஆயத்த நாள். துணி துவைக்கலாம், சாமான் வாங்கலாம், வீட்டுக்குப் பேசலாம். 2019 வரைக்கும் வருடத்துக்கு இரண்டு தடவைதான் போன், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். நான் போனபோது வாரம் ஒருதரம் பேச முடிந்தது. அம்மா பேசுவாள். பின்னால் அப்பா ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினைச் சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும்.

மற்ற நாள் காலை 6.30க்கு எழுந்து, படித்து, ஜெபித்து, பிறகு வெளியே. எங்கள் பகுதியில் கதவு தட்டிப் போவது கிடையாது. சபையார் யாரையாவது அறிமுகம் செய்தால்தான் போவோம். ஜனவரியில் ஆறு வாரம் அப்படி ஒருவரும் கிடைக்கவில்லை. தெலுங்கு நாக்கில் ஏறவில்லை. கம்பேனியன், அதாவது என்னோடு சேர்த்துவிட்ட துணை ஊழியக்காரன், ராஜமுந்திரிப் பையன், என்னைவிட ஒரு வயது சின்னவன். ஊழியக்காரன் தனியாக இருக்கவே கூடாது. குளிக்கும் நேரம் தவிர எந்நேரமும் துணை கண்பார்வையில் வேண்டும். இருவருக்கும் ஒத்துவராவிட்டால் அந்தச் சின்ன வீடு எவ்வளவு நெருக்கும் என்பதை அனுபவித்தவன்தான் அறிவான். பாத்திரம் கழுவும் விஷயத்தில் முட்டிக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருந்தோம். அந்த நாலு நாளும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபித்தோம். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எனக்குக் காய்ச்சல் வந்து வாந்தி எடுத்தபோது அந்தப் பாத்திரத்தை எல்லாம் கழுவியது அவன்தான்.

ஜூலை 7, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாச நாள். இந்த உடம்போடு இரண்டு வேளை பட்டினி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருவிருந்தையாவது வீட்டில் ஆசீர்வதிக்க அனுமதி கேட்டிருந்தேன், கிடைத்தது. அப்பமும் தண்ணீரும்தான், எங்களில் திராட்சரசம் கிடையாது. ஜெபத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும், பிசகினால் முதலிலிருந்து. இரண்டு தடவை பிசகினேன். மூன்றாவது தடவை சொல்லி முடித்ததும் பின்னாலிருந்து "ஆமென்" என்று சத்தம் கேட்டது. சிஎஸ்ஐ ஆராதனை முடிந்து வந்த பாட்டி, நனைந்த குடையோடு வாசலில் நின்றிருக்கிறாள். அவள் அப்பம் எடுக்கவில்லை, நானும் நீட்டவில்லை. ஆனால் நான் முடிக்கும்வரை உட்காராமல் நின்றாள்.

ஜூலை 9, செவ்வாய்

ஹைதராபாத்திலிருந்து அந்த ஆட்டோக்கார அண்ணன் பேசினார். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நான்தான், மார்ச் மாதம். தலையிலிருந்து கால்வரை முழுக்கத் தண்ணீருக்குள் போக வேண்டும், இரண்டு சாட்சிகள் பக்கத்தில் நின்று கவனிப்பார்கள். கனத்த உடம்பு அவருக்கு. முதல் தடவை பெருவிரல் மேலே வந்துவிட்டது. மறுபடியும் தெலுங்கு ஜெபம், மறுபடியும் முழுக்கு. எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தபோது அவர் உடம்பு நடுங்கியது. குடியை நிறுத்தி அன்றைக்கு 52 நாள், அவர் மனைவி எண்ணிக்கொண்டே வந்தார்.

"இப்போ எத்தனை நாள் அண்ணா?" என்று கேட்டேன். நடுவில் ஒருநாள் தவறிவிட்டதாம், திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுகிறாராம். அதைச் சொல்லத்தான் போன் செய்தார். ஒரு மணி நேரம் பேசினோம். பட்டை சட்டையில் இல்லை என்பதே போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஜூலை 20, சனி

பாட்டியோடு மயிலாடி போனேன், அவள் தங்கை வீட்டுக்கு. தெருவில் கல் கொத்தும் சத்தம் ஓயவே இல்லை. ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் இருவர் பெயரையும் தாங்கிய ஆலயத்துக்குப் பாட்டி கூட்டிப்போனாள். வேதமாணிக்கம் இந்த ஊர்க்காரர். அவர் கேட்டுக்கொண்டதால்தான் ஜெர்மனிக்கார மிஷனரியான ரிங்கல்தௌபே 1806இல் இந்தப் பக்கம் வந்தார். 1816இல் உடம்பு கெட்டுப் புறப்பட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார், எங்கே புதைத்தார்கள், எதுவும் இன்றுவரை தெரியாது. வேதமாணிக்கம்தான் சபையைக் கட்டிக் காத்தார்.

சின்ன வயதில் பத்துத் தடவையாவது கேட்ட கதை. "நோய் வந்து போனாரு" என்ற இடம் இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. பாட்டி அதை வேண்டுமென்றே சொன்னாளா என்று தெரியவில்லை. அவளுக்கு என் சபை பிடிக்காது, அதைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் பெயரையே வாயில் எடுக்க மாட்டாள். ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஜூலை 29, திங்கள்

மழை விட்டதால் அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போனேன். விடியுமுன்பே, தலையில் லைட் கட்டிக்கொண்டு. அவர் வெட்டிக்கொண்டே முன்னால் போவார், சிரட்டைகளில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பிரித்தெடுப்பது என் வேலை. கடைசி வரிசையில் நின்று, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "திரும்பிப் போவியா?"

"போகணும்னு இருக்கு அப்பா."

"அங்க கஷ்டமா இருந்துதாலே?"

இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் நேராகக் கேட்டதில்லை. ஆமா என்றேன். ஆறு வாரம் ஆள் கிடைக்காததையும், பேசாத நாலு நாளையும், ஆஸ்பத்திரியில் வந்த அந்த நிம்மதியையும் சொன்னேன். அவர் அடுத்த மரத்துக்குப் போனார், வெட்டினார், பால் சிரட்டையில் சொட்டத் தொடங்கும்வரை பார்த்து நின்றார். "எனக்கும் செல நாளு எந்திரிக்கப் பிடிக்காது" என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது, எல்லாம் சரியான அளவில். மிஷன் தலைவரிடமிருந்தும் பதில் வந்தது: இம்மாதக் கடைசியில் சேரலாம், மீதிக் காலத்தை முடிக்கலாம்.

சாயங்காலம் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பட்டை மேஜைமேல் கிடந்தது. அப்பா ஷீட்டைப் புகைப்புரையில் தொங்கவிட்டுவிட்டு வந்தார். பார்த்தார். தோளில் கிடந்த துவர்த்தில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு அதை எடுத்தார். விளக்குப் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இது எம் பேராக்கும்" என்றார் அம்மாவிடம்.