கலண்டரில் இரண்டு பெயர்கள்

ஜனவரி 25, 2024, வியாழன்

காலையில் கீழ்வீட்டு அக்கா வெள்ளைச் சேலை உடுத்து, பூத்தட்டோடு பன்சலைக்கு, அதாவது பௌத்த கோயிலுக்கு, புறப்பட்டா. "அத துருத்து போய நங்கி" என்றா. இன்று துருத்து மாதப் பூரணை, தங்கச்சி என்று சிங்களத்தில். பத்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா. "தைப்பூசமெல்லோ, புதிர் அரிசி பொங்கினனான். நீ என்ன செய்தனி?" பாணும் பருப்பும் சாப்பிட்டதைச் சொல்லவில்லை.

ஒரே நிலா, இரண்டு வீட்டில் இரண்டு பெயர். இந்த வருஷம் குசினிக் கலண்டரில் இரண்டையும் எழுதப்போகிறேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

மாசியும் பங்குனியும் எழுதாமலே போய்விட்டன (அக்கா கணக்கில் நவம், மெதின்).

இன்று பக் போயா. எங்களுக்குச் சித்திரா பூரணை. தாயை இழந்தவர்களின் விரதம் இது. தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை. அம்மம்மா போன பிறகு அம்மா பிடிக்கிறா. நான் பிடிக்கத் தேவையில்லாமல் இருப்பதே பெரிய கொடுப்பினை.

ஊர்க் கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படித்து முடிய, சித்திரைக் கஞ்சி ஊற்றுவார்கள். சின்ன வயதில் எனக்கு அந்தக் கதையில் ஒரு வரியும் காதில் ஏறியதில்லை. கண்ணெல்லாம் கிடாரத்தில்.

அக்காவின் கதை வேறு. ஓர் இரத்தின ஆசனத்துக்காக மாமனும் மருமகனுமாக இரண்டு நாக அரசர்கள் சண்டை பிடிக்க, புத்தர் நாகதீபத்துக்கு வந்து தீர்த்துவைத்தாராம். நாகதீபம் என்று அவ சொல்வது எங்கட நயினாதீவைத்தான். குறிகாட்டுவானில் இருந்து எத்தனை தரம் வள்ளம் ஏறியிருப்பேன்! நாகபூஷணி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். கூப்பிடு தூரத்தில் இருக்கும் விகாரைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

மே 23, வியாழன்

வெசாக். நேற்று வைகாசி விசாகம், இன்று பூரணை. விசாகம் என்ற நட்சத்திரப் பெயர்தான் அவர்களிடம் வெசாக், எங்களிடம் வைகாசி. இதைச் சொன்னதும் அக்கா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் எசல?" என்று கேட்டா. ஆஷாடம், அதுதான் எங்கட ஆடி. இருவருமாய்க் கலண்டருக்கு முன்னால் நின்று கணக்குப் பார்த்தோம். துருத்து, பினர, இல் எல்லாம் எதிலும் ஒட்டவில்லை. அவை அவர்களுக்கே உரிய பெயர்கள்.

இரவு மணிமேகலையை எடுத்துத் திரும்பப் படித்தேன். மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையில் இருந்து அமுதசுரபி மேலே வருவது வருஷத்தில் ஒரே ஒரு நாள்: வைகாசியில், விசாகத்தில், புத்தர் பிறந்த நாளில். அந்த இரு நாக மன்னரின் சண்டையும் அதே நூலில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சோதனைக்குப் பாடமாக்கியபோது இது வெசாக் என்று ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

தெருமுனையில் தன்சல, வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் பந்தல். வரிசையில் நின்று சோறு வாங்கினேன். அட்சய பாத்திரத்தைப் படித்துவிட்டுப் பசியோடு படுக்க முடியுமா?

செப்டம்பர் 17, செவ்வாய்

பினர. மழை, நிலாவே இல்லை. அப்பா போனில் தன் பள்ளிக்காலத்தைச் சொன்னார்: 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறையே போயாதான், ஞாயிறு வேலை நாள். நிலாவின் நான்கு நிலையையும் பார்த்துப் பள்ளிக்கூடம் பூட்டுவார்களாம். வேதக்கார (கிறிஸ்தவ) பெடியள் பூசைக்குப் போக வழியில்லாமல் முணுமுணுத்தார்களாம்.

அக்டோபர் 17, வியாழன்

வப். விதைப்பு என்று அர்த்தமாம். அரசரே ஏர் பிடித்த விழாவுக்கு வப் மகுல் என்று பெயர். வன்னியிலும் பெரும்போக விதைப்பு நேரம்தான்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை விளக்கீடு. நிலா இன்னும் முழுசாக நிறையவில்லை. நாங்கள் பார்ப்பது நட்சத்திரத்தை. பல்கனியில் பன்னிரண்டு சுட்டி விளக்கு ஏற்றினேன். கடல் காற்று ஏழை அணைத்துவிட்டது.

டிசம்பர் 14, சனி

உந்துவப். அசோகனின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் (போதி மர) கிளையோடு இலங்கைக்கு வந்த நாள். சிவனொளிபாதமலைக்கு ஏறும் காலமும் இன்றுதான் தொடங்குகிறது. அக்காவுக்கு அது சிறீபாத. சாயங்காலம் கதவைத் தட்டினா.

"நங்கி, நேற்றைய விளக்கு மிச்சம் இருக்கா?"

ஏழு சுட்டியையும் திரி மாற்றிக் கொடுத்தேன். இந்த நாளுக்குக் கலண்டரில் இதுவரை ஒரு பெயர்தான் எழுதியிருக்கிறேன். திருவாதிரை எப்போது என்று அம்மாவிடம் கேட்க வேண்டும்.