ஒரு வாளி வெந்நீருக்கு எவ்வளவு? ஒன்றரை மாதக் கணக்கு

நவம்பரில் கேஸ் சிலிண்டர் 29 நாளில் தீர்ந்தது. வழக்கமாக 45 நாள் வரும். குன்னூரில் மழை விடாத மாதம், கீசர் வேறு பழுது. அதனால் அம்மாவும் நானும் கேஸ் அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளித்தோம். மனைவியும் மகனும் ஹீட்டர் ராடு. "கேஸ்தான் சிக்கனம், சட்டென்று காய்ந்துவிடும்" என்பது அம்மாவின் கட்சி. "அப்படியானால் சிலிண்டர் எங்கே போயிற்று அத்தை?" என்பது மனைவியின் கட்சி. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தெர்மாமீட்டரும் தொங்கு தராசும் வாங்க இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைத்திருக்காது.

முதலில் காகிதக் கணக்கு. எங்கள் வாளியில் குளிக்கும் அளவு 18 லிட்டர்; உள்பக்கம் கோடு போட்டு வைத்தேன். காலை ஆறு மணிக்குத் தொட்டித் தண்ணீர் 14 டிகிரி. எனக்குப் பிடித்த பதம் 41 டிகிரி. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி வேண்டும். 18 பெருக்கல் 27, ஆக 486 கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோ கலோரி, எனவே கொஞ்சமும் வீணாகாமல் போனால் 0.565 யூனிட். அடுப்பில் 9 லிட்டரை 68 டிகிரிவரை காய்ச்சி, 9 லிட்டர் பச்சைத் தண்ணீர் விளாவினாலும் அதே 486தான். இதை அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "கொதிக்கக் கொதிக்க இருந்தால்தானே விளாவ நிறைய வரும்" என்றார். வரும்தான், ஆனால் அந்தக் கொதிப்புக்கும் கேஸ்தானே எரிகிறது.

கேஸை அளப்பதில் முதல் நாளே அசடு வழிந்தேன். காலையில் சிலிண்டரை ரெகுலேட்டரோடு தொங்கவிட்டு நிறுத்தேன். வெந்நீர் போட்ட பிறகு ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நிறுத்தேன். ஒரே வாளிக்கு 370 கிராம் கேஸ் போனதாகக் கணக்கு வந்தது. மனைவிக்கு அன்று முழுவதும் ஒரே மகிழ்ச்சி. தவறு தெரிந்து சரிசெய்த பிறகும் ஒரு வாளிக்கு ஒருநாள் 50 கிராம், மறுநாள் 120 கிராம் என்று ஊசலாடியது. கிட்டத்தட்ட 30 கிலோ கனத்தைத் தொங்கவிட்டு எழுபது எண்பது கிராமைத் தேடினால் அப்படித்தான். பக்கத்து வீட்டிலிருந்து ஒற்றை அடுப்பையும் இன்னொரு சிலிண்டரையும் இரவல் வாங்கி, குளியலுக்கு மட்டும் என்று ஒதுக்கி, பத்து வாளிக்கு ஒருமுறை நிறுத்தேன். அதன் பிறகுதான் எண்கள் ஒழுங்காக வந்தன.

மூடி போடாமல், தீயை முழுதாக வைத்து, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி நீலம் நக்க எரித்தபோது பத்து வாளிக்கு 860 கிராம். எல்பிஜி கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோ கலோரி தரும். ஆகவே தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தது பாதிதான், 51 சதவீதம். மீதி சமையலறைக்குச் சூடு. அகலமான அலுமினியக் குண்டானுக்கு மாறி, தட்டைக் கவிழ்த்து மூடி, தீ அடிப்பாகத்தைத் தாண்டாமல் குறைத்து வைத்த பத்து வாளிக்கு 720 கிராம். 61 சதவீதம். நேரம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். கடைசியாக வாங்கிய சிலிண்டருக்கு, தூக்கி வந்தவருக்குக் கொடுத்ததையும் சேர்த்து, 930 ரூபாய். 14.2 கிலோவால் வகுத்தால் கிலோ 65 ரூபாய் 50 காசு. வாளிக்கு முன்பு 5.63 ரூபாய், இப்போது 4.72.

நவம்பர் மர்மமும் இங்கேயே அவிழ்ந்தது. தினம் இரண்டு வாளி, 86 கிராம் வீதம், 29 நாள்: ஐந்து கிலோ. சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குளியலறைக்குப் போயிருக்கிறது.

ராடை அளக்கத் தராசு வேண்டாம். மின் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னிக்கொண்டே இருக்கும். எங்கள் மீட்டரின் முகப்பில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது; அத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, 1500 வாட் ராடை மட்டும் போட்டு, மகனை மீட்டருக்கு முன்னால் நிற்க வைத்தேன். நிமிடத்துக்கு 80 மின்னல். கணக்குப்படி வரவேண்டியதும் மிகச் சரியாக அதுதான்.

ஆனால் 18 நிமிடத்திலேயே தெர்மாமீட்டர் 41 காட்டியது. இவ்வளவு சீக்கிரமா என்று ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்துவிட்டு, குவளையால் நன்றாகக் கலக்கினேன். 34. மேலே மட்டும் சுட்டிருக்கிறது, அடியில் பச்சைத் தண்ணீர். இத்தனை வருடமாக மேலே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, குளிக்கும்போது "கடைசி நாலு குவளை ஜில்லென்று இருக்கிறது" என்று சொல்லிவந்தோம். (கலக்குவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குவது முக்கியம். ராடு ஓடும்போது விரல் வைக்கும் பழக்கத்தை எங்கள் வீட்டில் அன்றோடு நிறுத்தியாயிற்று.)

கலக்கிப் பார்த்து 41 வர 24 நிமிடம் ஆனது, 0.60 யூனிட். மாலை ஏழு மணிக்கு வோல்டேஜ் இறங்கியிருக்கும்போது நிமிடத்துக்கு 61 மின்னல்தான். 32 நிமிடம் பிடித்தது. யூனிட் 0.61. நேரம் கூடினால் கரண்டும் கூடும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை.

டிசம்பரில் கீசருக்குக் காயில் மாற்றினோம். அதற்கும் ஒரு வாரம் கணக்கெடுத்தேன். வேண்டியபோது மட்டும் போட்டால் வாளிக்கு 0.72. ராடைவிடக் கூடுவதற்கு முக்கியக் காரணம் குழாய். கீசரிலிருந்து குளியலறைக்கு எட்டு மீட்டர். அரை அங்குலக் குழாயில் ஏறக்குறைய 1.4 லிட்டர் நிற்கும். ஒவ்வொருவர் குளித்து முடித்ததும் அவ்வளவு வெந்நீர் சுவருக்குள்ளேயே ஆறிப்போகிறது. அடுத்தவர் உடனே போனால் அது அவருக்கு உதவும், ஒரு மணி நேரம் கழித்துப் போனால் கொட்டத்தான் வேண்டும். ஓர் இரவு பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தி, கீசரை மட்டும் எட்டு மணி நேரம் ஓடவிட்டேன். யாரும் ஒரு சொட்டுக்கூட எடுக்காமல் 0.35 யூனிட். ராடில் அரை வாளி போடுவதற்கு மேல். பால் கெடவில்லை, குன்னூர்க் குளிருக்கு நன்றி. மாவு மட்டும் கொஞ்சம் புளித்தது.

விறகை விட்டுவிடக் கூடாது என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் பின்கட்டில் இருந்த பழைய செம்புப் பாய்லரையும் துலக்கினோம். காய்ந்த விறகு வாளிக்கு 900 கிராம் பிடித்தது. நூற்றுக்குப் பதினைந்து பங்குதான் நீரில் ஏறுகிறது. ஈர விறகு என்றால் ஒன்றரைக் கிலோவை நெருங்குகிறது, முதலில் விறகிலுள்ள தண்ணீரை ஆவியாக்கிவிட்டுத்தான் நெருப்பு நம் தண்ணீரிடம் வரும். கிலோ எட்டு ரூபாய்க்கு வாங்கியதால் 7.20 ரூபாய். எல்லாவற்றிலும் இதுதான் அதிகம்! பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிய குச்சி சும்மா கிடைக்கிறது. அவருக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

இனி மின்சாரத்துக்கு, 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, விலை போட வேண்டும். இங்கேதான் இரண்டு நாள் குழம்பினேன். பில் தொகையை யூனிட்டால் வகுத்தால் நாலே கால் ரூபாய் போல வருகிறது. அப்படிப் பார்த்தால் ராடு வாளி இரண்டரை ரூபாய்தான், மனைவி ஜெயித்துவிட்டாள். ஆனால் அந்தச் சராசரியில் முதல் 100 இலவச யூனிட்டும் கலந்திருக்கிறது. அந்த யூனிட்டுகள் விளக்குக்கும் பிரிட்ஜுக்கும் எப்படியும் போய்விடும். வெந்நீருக்குச் செலவாவது உச்சியில் ஏறும் யூனிட்டுகள்.

வெந்நீர் இல்லாமல் எங்கள் இரண்டு மாதச் செலவு 380 யூனிட், பில் 1,081 ரூபாய். நான்கு வாளியும் ராடில் என்றால் 144 யூனிட் சேர்ந்து 524; பில் 2,241 ரூபாய் 60 காசு. 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரை இருந்த 2.35 ரூபாய் விகிதம் போய், அதற்கும் 4.70 ஆகிவிடுகிறது, 500க்கு மேல் ஒவ்வொன்றும் 8.40. கூடிய தொகையை 144ஆல் வகுத்தால் யூனிட் எட்டு ரூபாய், வாளி 4.84. மூடி போட்ட கேஸைவிட 12 காசு அதிகம்! மூன்று வாளி ராடு, ஒரு வாளி கேஸ் என்று பிரித்தால் 488இல் நிற்கும். ராடு வாளி 3.60க்கு இறங்குகிறது. நாளொன்றுக்கு நான்கு வாளிக்கும் சேர்த்து 15 ரூபாய் 52 காசு. இதைவிடக் குறைவாக எனக்கு வரவில்லை.

அம்மாவுக்குக் கேஸ் வாளி. அவருடைய பதம் 44 டிகிரி என்று அளந்து தெரிந்துகொண்டேன். என்னுடையதைவிட ஒன்பதில் ஒரு பங்கு கூடுதல் எரிபொருள். சொல்லவில்லை.

இன்று ஜனவரி 9. கணக்கெடுக்க 20ஆம் தேதி வருவார்கள். சற்றுமுன் மீட்டரைப் பார்த்தேன்: இந்த முறை ஓடியது 431. ராடைத் திரும்பத் திரும்பச் சோதித்தது, கீசருக்குக் கொடுத்த வாரம், அந்த இரவு, எல்லாம் அதற்குள் இருக்கிறது. இன்னும் பதினொரு நாள். விளக்கும் பிரிட்ஜும் மட்டுமே 69 யூனிட்டைத் தின்றுவிடும். கூட்டிப் பார்த்தால் சரியாக 500. ராடைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, குண்டானுக்குத் தட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மனைவி இன்னும் மீட்டரைப் பார்க்கவில்லை.