தம்பியின் மேல்முறையீடும் ஒரு ஏ.ஆர். காப்பியும்

"தண்டனை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று செஷன்ஸ் நீதிபதி கேட்டபோது என் தம்பி, "நான் அடிக்கலைங்க ஐயா" என்று மட்டும் சொன்னான். அன்று மதியமே மூன்று பேருக்கும் ஆயுள் தண்டனை. முதல் எதிரி, அதாவது முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், சித்தப்பா; இரண்டாம் எதிரி அவர் மகன், மூன்றாம் எதிரி என் தம்பி. பிரிவு 302, அதாவது கொலை; கூடவே 34, அதாவது ஒரே எண்ணத்தோடு பலர் சேர்ந்து செய்தது. இறந்தவரும் அந்நியர் இல்லை. எங்கள் பங்காளி, எனக்குப் பெரியப்பா முறை. பொதுக்கிணற்றில் யார் எப்போது மோட்டார் போடுவது, கிணற்றுக்கு வண்டி எந்த வழியாகப் போவது என்பதில் தொடங்கிய பகை. எட்டு வருஷம் பேசியும் தீராமல் ஒரு சாயங்காலம் அரிவாள் வரை போய்விட்டது. அவர் சாக வேண்டிய மனிதர் இல்லை. அந்தச் சாவைச் சிறிதாக்க இதை எழுதவில்லை.

தீர்ப்பு நகலை அன்றே இலவசமாகக் கொடுத்தார்கள். அது தண்டனை பெற்றவரின் உரிமை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம். அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 374(2). 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 415. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் சிறை அதிகாரி மூலமாகவே மனு அனுப்பலாம், சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் தரும். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அம்மாவின் நகையை அவ்வளவு அவசரமாக அடகு வைத்திருக்க மாட்டேன்.

"மெட்ராஸ் வரைக்குமா அலையணும்?" என்று அம்மா கேட்டார். தென்மாவட்டங்களுக்கு 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. ஒத்தக்கடை பஸ் பிடித்தால் போதும்.

மதுரையில் நாங்கள் பார்த்த வக்கீல் அம்மாவிடம் நான் கதையை ஆரம்பித்தேன். கிணறு, பாதை, திருவிழாவில் நடந்த கைகலப்பு எல்லாவற்றையும். ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கட்டு எங்கம்மா?" என்றார். கீழ்க்கோர்ட் கேஸ் கட்டு என்னிடம் இல்லை. "மேல்முறையீட்டில் உங்க வாயால சொல்றதுக்கு இடமே இல்லை. சாட்சி சொன்னது, குறியிட்ட ஆவணம், அவ்வளவுதான் நீதிபதிகள் கையில் இருக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அடுத்த நான்கு வருஷமும் என்னை நடத்தியது.

கட்டை வாங்கி வந்து, பத்தாம் வகுப்பு மட்டுமே படித்த நான், ராத்திரி ராத்திரியாக வாசித்தேன். அரசுத் தரப்பின் முதல் சாட்சி, அதாவது அ.சா.1, இறந்தவரின் தம்பி. அவர் கையிலும் வெட்டு விழுந்திருந்தது. காயம்பட்ட சாட்சி என்பதால் அவர் சொல்லுக்குக் கனம் அதிகம். அவர் கோர்ட்டில் சொன்னது: இரண்டு பேர் வெட்டினார்கள், என் தம்பி உருட்டுக்கட்டையால் இறந்தவரின் முதுகில் அடித்தான். ஆனால் அன்று இரவு அரசு மருத்துவமனையில் டூட்டி டாக்டர் எழுதிய விபத்துப் பதிவேட்டு நகலில், ஏ.ஆர். காப்பி என்பார்களே அதில், "தெரிந்த 2 நபர்கள் அரிவாளால் வெட்டியதாகச் சொன்னார்" என்று இருந்தது. இரண்டு. நான் அந்த எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். டாக்டரும் கூண்டில் ஏறி அதை ஒப்புக்கொண்டிருந்தார். தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் வக்கீல் அம்மா இன்னொரு தாளைக் காட்டினார். முதல் தகவல் அறிக்கை இரவு ஒன்பது மணிக்குப் பதிவானதாக இருக்கிறது; மாஜிஸ்திரேட் கைக்குப் போனது மறுநாள் மதியம் இரண்டுக்கு. கோர்ட் பத்து கிலோமீட்டரில்தான். தமிழ்நாட்டிலிருந்து போன துலியா காளி வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம், தாமதமாகத் தகவல் கொடுத்தால் நடந்ததோடு கற்பனையும் சேர இடம் உண்டாகும் என்று எச்சரித்திருக்கிறது. அறிக்கை மாஜிஸ்திரேட்டிடம் தாமதமாகப் போனாலும் அதே சந்தேகம் வரும் என்றார். முன்விரோதம் இருபக்கமும் கூரான கத்தி என்று கோர்ட்டுகள் சொல்வதையும் அவரிடம்தான் முதலில் கேட்டேன். கொலைக்குக் காரணமும் அதுவே, பகையாளி வீட்டு ஆண்களை மொத்தமாகச் சேர்த்துச் சொல்லக் காரணமும் அதுவே.

வக்கீலுக்கு வழக்கு நடத்த அதிகாரம் தரும் வக்காலத்தில் தம்பியின் கையெழுத்தைச் சிறைக்குள் வாங்கி, அதிகாரியின் சான்றோடு கொண்டுவர வேண்டும். மனு கொடுத்துச் சிறையில் அவனைப் பார்க்கப் போகும் நாளில் அதையும் சேர்த்து முடித்தோம். மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைக்கவும் மனு போட்டோம். முதல் மனுவை நாங்களே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தம்பி இரண்டரை வருஷம் உள்ளே இருந்த பிறகு போட்ட இரண்டாவது மனுவில், அவனுக்கு மட்டும், ஜாமீன் கிடைத்தது. இரண்டு பேர் ஜாமீன் நின்றார்கள். மாதத்தின் முதல் வேலை நாளில் கீழ்க்கோர்ட்டில் ஆஜராக வேண்டும். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டும் போனான்.

இறுதி விசாரணை இரண்டு நீதிபதிகள் முன்பு. ஏ.ஆர். காப்பியை வக்கீல் அம்மா காட்டியதும் அரசு வக்கீல் எழுந்து, டாக்டரின் வேலை சிகிச்சை கொடுப்பது, எதிரிகளை எண்ணுவது அல்ல என்றார். நியாயமான பதில்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போது ஒரு நீதிபதி பிரேத பரிசோதனைச் சான்றைப் புரட்டி, "மூன்றாம் எதிரி அடித்த காயம் இதில் எது?" என்று கேட்டார். ஐந்து காயம், ஐந்தும் வெட்டு. முதுகில் ஒன்றுமே இல்லை. அரசு வக்கீல் தாளைத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒரு தாள் தனியாக நின்றிருந்தால் தோற்றிருப்போம். பதிவேடு, தாமதம், காயம் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்ததால் நின்றது.

தீர்ப்பில் தம்பிக்குச் சந்தேகத்தின் பலன் கொடுத்து விடுதலை. ஜாமீன் பத்திரம் ரத்து, கட்டிய அபராதத்தைத் திருப்பித் தர உத்தரவு. சித்தப்பாவுக்கும் அவர் மகனுக்கும் ஆயுள் தண்டனை உறுதியானது. அது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெட்டு விழுந்தது உண்மை.

வராந்தாவில் சித்தி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சற்றுத் தள்ளி இறந்தவரின் மனைவி தூணில் சாய்ந்து நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். பேசவில்லை.

உச்ச நீதிமன்றத்துக்குப் போக 90 நாள். சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மறுவாரம் அந்தக் கட்டை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்கு அவரை நான்தான் கூட்டிப் போனேன்.