கல்லறைக்கு 137 டாலர், சிலைகளுக்கு இலவசம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். டெக்ஸாஸில் ஹெம்ப்ஸ்டெட் என்கிற சின்ன ஊரிலிருந்து, ஹூஸ்டன் ஓரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் திரும்ப ஒருவர் என்னிடம் 85 டாலர் கறந்துவிட்டார். காலையில் போகும்போது செயலியில் கூப்பிட்ட வண்டிக்கு 52 டாலர்தான். திரும்பும்போது செயலி ஒரு வண்டியைக்கூடக் காட்டவில்லை. சாலையோரம் தர்பூசணி விற்றுக்கொண்டிருந்த பாட்டி, “என் மருமகன் கொண்டுபோய் விடுவான்” என்றார். மருமகன் வந்தார், வெயிலில் வாடி நின்ற என் முகத்தைப் பார்த்தார், விலையைச் சொன்னார். வேறு வழி? ஆனால் அந்தத் தர்பூசணி! இரண்டு துண்டு, உப்பு தூவி. ஒரு காலத்தில் இந்த ஊரிலிருந்துதான் ரயில் ரயிலாகத் தர்பூசணி போகுமாம். சாப்பிட்டால் நம்புவீர்கள்.

“செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆன பொம்பளையப் பார்க்க 137 டாலரா?” என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பொம்பளையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பெயர் எலிசபெட் நே. 1833-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் பிறந்தவர். அப்பா கல் செதுக்குகிறவர். நானும் சிற்பம் படிப்பேன் என்று வீட்டில் சாப்பிடாமல் அடம்பிடித்து, ம்யூனிக் அகாதமிக்குப் போய்ச் சேர்ந்தார். பெண்களை ஏளனம் செய்தே பேர் வாங்கிய தத்துவவாதி ஷோப்பன்ஹவரை 1859-இல் எதிரே உட்காரவைத்து மார்பளவுச் சிலை செய்தார். கிழவர் மயங்கிப்போனார். அப்புறம் இத்தாலியப் போராளி கரிபால்டி, ஜெர்மன் அரசியல் தலைவர் பிஸ்மார்க், பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக். 1863-இல் எட்மண்ட் மான்ட்கோமரி என்ற ஸ்காட்லாந்து மருத்துவரை மணந்தும், ஊருக்குக் கடைசிவரை ‘மிஸ் நே’தான்.

1871-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அமெரிக்கா. முதலில் ஜார்ஜியா, 1873-இல் ஹெம்ப்ஸ்டெட் பக்கத்திலுள்ள லியெண்டோ தோட்டம். அதைத்தான் பார்க்கப் போனேன். 1853-இல் அடிமைகளின் உழைப்பில் எழுந்த பெரிய வெள்ளை வீடு. மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் உள்ளே விடுவார்கள், நாளைச் சரிபார்க்காமல் கிளம்பாதீர்கள். மாடி முகப்பில் நின்று “இங்கேதான் வாழ்வேன், இங்கேதான் சாவேன்” என்று எலிசபெட் சொன்னதாக ஒரு கதை உண்டு. பாதிதான் பலித்தது.

வந்த வருடமே இரண்டு வயது மகன் ஆர்தர் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனான். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையின் முகத்தை அச்செடுத்தார், உடலை வீட்டுக் கணப்பிலேயே எரித்தார் என்றெல்லாம் சொல்கிறார்கள். என்னோடு சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இந்த ஒரு கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: அதன்பிறகு ஏறக்குறைய இருபது வருடம் அவர் சிற்பத்தைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை. பருத்தி, மாடு, கடன், மிச்சமிருந்த இன்னொரு மகன். மன்னர்களுக்குச் சிலை செய்த கை சும்மா இருந்திருக்கிறது.

அவரே நட்டு வளர்த்த ஓக் மரங்களின் நடுவில்தான் அவரைப் புதைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 1911-இல் இறந்த மான்ட்கோமரி. நிழல் மட்டும் தாராளம்.

அடுத்த நாள் டெக்ஸாஸின் தலைநகரான ஆஸ்டின். பஸ் டிக்கெட் 19 டாலர் என்றதும் குஷியாகிவிட்டேன், அதுதான் தப்பு. மூன்று மணி நேரப் பயணம் ஐந்தரை மணி நேரம் இழுத்தது. ஏசி வேலை செய்யவில்லை, ஜன்னல் திறக்காது, பின்னாலிருந்த கழிப்பறை வாசனை வழித்துணை. நடுவழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் முக்கால் மணி நேரம் காணாமல் போனார். இறங்கியவுடன் வண்டிக்கடையில் உருளைக்கிழங்கு, முட்டை, சீஸ் வைத்த டாக்கோ இரண்டு, பச்சை மிளகாய் சட்னியோடு ஏழு டாலருக்குச் சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, பஸ்ஸை மன்னித்துவிட்டேன்.

அங்கே 44-வது தெருவில் இருக்கிறது ‘ஃபார்மோசா’, எலிசபெட் 1892-இல் கட்டிய சிற்பக்கூடம். சுண்ணாம்புக்கல்லில் குட்டி கிரேக்கக் கோயில் மாதிரி. இப்போது அருங்காட்சியகம், அனுமதி இலவசம் (அப்பாடா). கிட்டத்தட்ட அறுபது வயதில் மறுபடி உளியை எடுத்திருக்கிறார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காக டெக்ஸாஸின் முன்னோடித் தலைவர்களான சாம் ஹூஸ்டன், ஸ்டீபன் ஆஸ்டின் சிலைகளைக் கேட்டபோது, செய்பொருள் செலவு மட்டும் போதும், கூலி வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார். கழுத்துவரை கடனில் இருந்தவர்! இதைப் படித்ததும் 85 டாலருக்கு அழுத எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கொஞ்சம்தான்.

கூடத்தில் என்னை நகரவிடாமல் பிடித்துவைத்தது ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் லேடி மேக்பெத். சலவைக்கல் சிலை வாஷிங்டனில் இருக்கிறது, இங்கே இருப்பது சுதை வடிவம். தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு கையை இன்னொரு கையால் முறுக்குகிறாள். அந்த விரல்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். 1905-இல் கல்லில் முடிந்த வேலை. எலிசபெட்டுக்கு அப்போது 72 வயது. இரண்டு வருடத்தில், 1907 ஜூன் 29 அன்று, இந்த ஃபார்மோசாவிலேயே இறந்துபோனார். லியெண்டோவுக்கு உடல்தான் போனது.

மாநிலச் சட்டமன்றக் கட்டடமான கேபிட்டலுக்கும் போங்கள், அதுவும் இலவசம். வாசலைத் தாண்டியதும் அந்த இரண்டு பேரும் சலவைக்கல்லில் நிற்கிறார்கள். ஹூஸ்டன் நெடுநெடு, ஆஸ்டின் சின்ன ஆள். ஏன் இப்படி என்று அந்தக் காலத்தில் யாரோ குறை சொன்னதற்கு, “கடவுள் படைத்த அளவில்தான் நான் செய்தேன், புகாரை அவரிடம் சொல்லுங்கள்” என்றாராம் எலிசபெட்.

ராத்திரி அக்காவிடம் எல்லாம் ஒப்பித்தேன். விருந்தாளி வந்தால் எலிசபெட் ரொட்டியும் தயிர் மாதிரி உறையவைத்த பாலும்தான் கொடுப்பாராம் என்றேன். அதுவரை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். “தொட்டுக்க?”