லேண்ட் குரூசர் 80: பின் ஆக்சில் ஸ்டட் முறிந்தால்

ஃபுல் ஃப்ளோட்டிங் பின் ஆக்சில் உள்ள டொயோட்டா லேண்ட் குரூசர் 80-இல் எடையைத் தாங்குவது ஹப்பும் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) அதனுள்ளே இருக்கும் இரண்டு பேரிங்குகளும். ஆக்சில் ஷாஃப்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவது மட்டும்தான் வேலை. ஷாஃப்டின் பிளேஞ்சை (முனையில் உள்ள தட்டை) ஹப்போடு இறுக்கிப் பிடிப்பவை ஆறு ஸ்டட்கள், அதாவது தலையில்லாத மரையாணிகள். ஒவ்வொன்றிலும் பிளவுள்ள, கூம்பு வடிவக் கோன் வாஷர் ஒன்று, ஸ்பிரிங் வாஷர், நட்டு.

ஸ்டட் மட்டமானது, அதனால் முறிந்தது என்பார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. சுழற்றும் விசையைத் தாங்குவது பிளேஞ்சும் ஹப்பும் இறுகி உரசும் பிடிப்பும், ஆப்பு மாதிரி இறங்கிய கோன் வாஷரும். நட்டு சற்றே தளர்ந்தால் பிளேஞ்ச் முன்னும் பின்னும் ஆடும்; ஸ்டட் வளைந்து வளைந்து களைத்து, ஹப் முகத்தோடு மட்டமாக முறியும். ஒன்று போனால் மீதி ஐந்தின் மேல் சுமை ஏறும். பெரிய டயர், இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃப் லாக், ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் ரோடு மாதிரி நெளிநெளியான மண் சாலை எல்லாம் இதை விரைவுபடுத்தும்.

முன்னறிகுறி உண்டு. கியர் போட்டு நகரும்போது 'டக்' சத்தம், நட்டைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள், ரிம்மின் உட்புறம் எண்ணெய்க் கோடு. நட்டிலும் பிளேஞ்சிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டால், குனிந்து பார்த்தாலே தளர்வு தெரிந்துவிடும்.

கழற்றும்போது அந்தப் பக்கத்தை ஜாக்கியில் உயர்த்துங்கள், கியர் ஆயில் கொட்டாது. நட்டுகளை முழுதாகக் கழற்றாமல் சில மரைகளில் நிறுத்திவிட்டு, பித்தளைச் சுத்தியால் பிளேஞ்சைத் தட்டினால் கோன் வாஷர்கள் துள்ளி வெளிவரும். இரும்புச் சுத்தி மரையைக் கெடுக்கும்.

முறிந்த துண்டை எடுப்பதுதான் பயமுறுத்தும் பகுதி. நட்டு தளர்ந்தபின் முறிந்ததால் துண்டில் இழுப்பு இருக்காது. பல நேரம் கூர்மையான பஞ்சால் ஓரத்தைத் தட்டினாலே திரும்பும். வராவிட்டால் நடுவில் பஞ்ச் வைத்து, 3 மி.மீ. துளையிட்டு, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் பெரிதாக்குங்கள். அதுவே பிடித்து வெளியே இழுத்துவிடும். முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈசி அவுட் கடைசி ஆயுதம். அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது. துளையிடும் முன் பேரிங் வாயில் துணியை அடைத்துவையுங்கள். மரை கெட்டிருந்தால் ஹெலிகாயில், அதாவது புது மரை தரும் கம்பிச்சுருள்.

ஒன்றுதான் முறிந்தது என்றாலும் ஆறையும் மாற்றுங்கள். மீதி ஐந்தும் அதே ஆட்டத்தை ஆடியவைதான். துளையை பிரேக் கிளீனரால் கழுவி, உலர்த்தி, மரைப்பசை தடவி ஏற்றுங்கள். ஸ்டட்டை அடியில் முட்டும்வரை முறுக்க வேண்டாம். கோன் வாஷர்களும் புதியவை. நட்டு இறுகும்முன் வாஷர் பிளேஞ்சுக்குள் முழுதாக மூழ்கினால், பிளேஞ்ச் துளை தேய்ந்துவிட்டது. அப்போது ஷாஃப்டையே மாற்ற வேண்டும்.

இரு முகங்களிலும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, புது கேஸ்கெட் ஒன்று மட்டும் வையுங்கள். சிலிக்கோன் பசையை அப்பினால் அது நசுங்க நசுங்க நட்டு தளரும். எதிரெதிராக, இரண்டு சுற்றில், கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். அந்த அளவு கைக்குக் குறைவாகவே படும். நம்பிக்கை வராமல் இம்பாக்ட் கன் வைப்பவர்கள்தான் ஸ்டட்டை இழுத்து நீட்டுகிறார்கள். 100 கி.மீ., பிறகு 500 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். கூடவே சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். பேரிங் ஆடினால் புது ஸ்டட்டும் நிற்காது.

நடுக்காட்டில் ஆறும் போய்விட்டால்? சக்கரம் கழன்று ஓடாது. ஷாஃப்டை உருவி, ஹப் வாயைத் தடித்த பிளாஸ்டிக்காலும் டேப்பாலும் மூடி, முன், பின் ஆக்சில்களை இணைத்துப் பூட்டும் சென்டர் டிஃப் லாக்கைப் போட்டால் முன் சக்கரங்களே மெதுவாக ஊர் சேர்க்கும்.