நாலு மணி நேரம், ஒரு கை, ஒரு புத்தகம்

டயாலிசிஸ் ஆரம்பிக்கப் போகிறது என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். "நாலு மணி நேரம் சும்மா படுத்திருக்கணும், அவ்வளவுதானே. உங்களுக்குத்தான் புத்தகம் இருக்கே!" சொன்ன யாரும் அந்தக் கட்டிலில் படுத்தவர்கள் இல்லை. படிக்கலாம், நன்றாகவே படிக்கலாம். ஆனால் எந்தப் புத்தகம், எந்த நேரத்தில், எந்தக் கையில் என்பதை உடம்புதான் முடிவு செய்யும்.

எனக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் போனது. மதுரையில் வாரத்துக்கு மூன்று முறை, மதிய ஷிஃப்ட். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையில் நடப்பதால் பணப் பேச்சை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆரம்பத்தில் கழுத்தில் குழாய் போட்டுத்தான் செய்தார்கள். இரண்டு கையும் சும்மாதான் இருக்கும். ஆனால் தலையைக் குனிந்தால் குழாய் மடங்கும், மெஷின் கத்தும், டெக்னீஷியன் தம்பி ஓடி வருவார். புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் கை கடுக்கும். அப்படியே பிடித்தாலும் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன், ஒன்றும் ஏறாது. மனுஷனுக்கு மனசு விட்டுப்போச்சு என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்கு, எப்படிங்க படிப்பீங்க?" என்றார்.

ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீரகம் படுத்துவிட்டால் ரத்தமும் குறைந்துபோகும். அந்த ஹார்மோனை ஊசியாகப் போட்டு, இரும்புச் சத்தையும் தனியாக ஏற்றினார்கள். எண்ணிக்கை 10-ஐத் தாண்டிய பிறகுதான் ஒரு சிறுகதையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். டயாலிசிஸில் இருப்பவர் யாராவது "படிக்கவே பிடிக்கலை" என்று சொன்னால், தைரியம் சொல்வதற்கு முன்னால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள்.

அப்புறம் ஃபிஸ்துலா. எனக்கு இடது முன்கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்தார்கள். சில வாரங்களில் சிரை தடித்து ஊசி தாங்கும் அளவுக்கு வந்துவிடும். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும். தினமும் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள், ஓட்டம் நின்றிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. டயாலிசிஸ் நேரத்தில் இரண்டு ஊசி குத்தியிருக்கும், மடக்கவே கூடாது. ஆக, படிக்க மிச்சம் இருப்பது வலது கை மட்டும்.

ஒரு கையில் தடிப் புத்தகம் நிற்காது. கோந்து போட்டு ஒட்டிய புதுப் பதிப்பு என்றால் விரித்த மறுநொடியே மூடிக்கொள்ளும். திலகர் திடல் சண்டே மார்க்கெட்டில் அட்டை போன ஒரு பழைய சரித்திர நாவல் கிடைத்தது. அந்தக் காலத்து பைண்டிங், நூலால் தைத்தது, 16 பக்கம் ஒரு ஃபாரம். தையலைப் பிளேடால் அறுத்து, நாலு நாலு ஃபாரமாகப் பிரித்து, காலண்டர் அட்டையை மேலே வைத்து ஸ்டேப்ளர் அடித்தேன். "சரஸ்வதியை இப்படியா அறுப்பாங்க?" என்று என் மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் 64 பக்கம் என்பது ஒரு கைக்கு அளவெடுத்த கனம். மடித்துப் பிடிக்கலாம், கட்டைவிரலாலேயே புரட்டலாம்.

பக்கத்துக் கட்டில்காரர் ஆட்டோ ஓட்டியவர். பள்ளிக்கூடத்தோடு புத்தகத்துக்கும் முழுக்குப் போட்டவர். நான் முடித்து வைத்த முதல் பகுதியைச் சும்மா எடுத்துப் பார்த்தார். அடுத்த முறை, ஊசி குத்தும்போதே, "அண்ணே, ரெண்டாவது எங்கே?" என்றார். பிறகு அவர் காலை ஷிஃப்டுக்கு மாறிவிட்டார். பகுதிகளை அங்கும் இங்கும் கொண்டுசேர்க்கும் வேலை டெக்னீஷியன் தம்பி தலையில் விழுந்தது. ஒரு கட்டத்தில் ஆட்டோக்காரர் என்னை முந்திக்கொண்டார். நான் படிக்காத ஐந்தாம் பகுதி அவரிடம் போனது, போனதுதான். கோட்டையிலிருந்து கதாநாயகி எப்படித் தப்பினாள் என்பதை டெக்னீஷியன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னதில் ஒரு யானை வருகிறது. ஆறாம் பகுதியில் யானையே இல்லை.

முதல் இரண்டு மணி நேரம்தான் படிப்புக்கு நல்ல நேரம். கனமான எழுத்தை அப்போது வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது மணியில், உடம்பிலிருந்து நீர் இறங்க இறங்கப் பிரஷரும் இறங்கும். கொட்டாவி மேல் கொட்டாவி வரும், வரிகள் மங்கும். கதையில் சுவாரசியம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது, உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, கொஞ்சம் சலைன் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் புத்தகம் பறக்கும், அதற்கு வைத்தியம் வேறு. கடைசி மணி நேரத்துக்குப் பழைய வார இதழின் துணுக்குகள் போதும், இல்லையென்றால் காதில் இயர்போன். வீடு திரும்பிய அன்று ராத்திரி ஒன்றும் ஓடாது. மறுநாள்தான் மனிதன்.

தாகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவு, அதோடு அரை லிட்டர். எனக்கு விதித்த கணக்கு அதுதான், காபி, ரசம், மோர் எல்லாம் அதற்குள். மதுரை மே மாதத்தில் அந்தக் கணக்கோடு உட்கார்ந்திருக்கும்போது, ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு பத்துப் பக்கம் படித்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். கதையைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். நான் எடுத்த ஒரு கிராமத்து நாவலில் அத்தியாயத்துக்கு ஒருவர் இளநீர் சீவிக் குடித்தார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், எங்களைப் போன்றவர்களுக்கு அது இதயத்தையே நிறுத்திவிடக் கூடியது. அந்தப் புத்தகத்தை மழைக்காலத்துக்கு எடுத்துவைத்தேன்.

சொந்தக்காரர்கள் வாங்கி வந்த புத்தகங்கள் தனி ரகம். சிறுநீரகத்தை மறுபடி ஓட வைக்கும் கஷாயம், கல்லீரலைக் கழுவும் சாறு. அன்பாகக் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்வேன், பரணில் போட்டுவிடுவேன். எந்தப் பச்சிலையில் எவ்வளவு பொட்டாசியம் என்பது அதை எழுதியவர்களுக்கே தெரியுமா என்பது என் சந்தேகம்.

இப்போது பாதிப் படிப்பு போனில்தான். 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பழைய இலக்கியம் நிறைய இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், ஒரு விரல் போதும். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தால், கண்ணாடிக் கடைக்கு ஓடாமல் முதலில் விழித்திரையைக் காட்டிவிடுங்கள். சிறுநீரகத்தைக் கெடுத்த அதே சர்க்கரை அங்கேயும் வேலை பார்த்திருக்கும். லேசர் போட வேண்டியதா, ஊசி போட வேண்டியதா என்பதை நேரத்தில் பார்த்தால்தான் பார்வை தங்கும். வருஷத்துக்கு ஒரு முறையாவது நான் போய்விடுகிறேன்.

கண்ணில் சொட்டு மருந்து விட்ட அன்று மட்டும் படிக்க முடியாது. என் மனைவிதான் வாசித்துக் காட்டுவார். வாசிப்பதோடு நிற்பதில்லை. "இந்த ஆளு அவகிட்ட முதல்லயே சொல்லியிருந்தா கதை ரெண்டு பக்கத்துல முடிஞ்சிருக்குமே" என்று ஆசிரியரோடு சண்டைக்கு நிற்பார். போன முறை இருவரும் அதில் இறங்கிவிட்டோம். கதை இன்னும் பாதியில் நிற்கிறது.