ஐம்பதாம் நாள் பயணம்

பிப்ரவரி 5, புதன்

இன்று பாப்பாவுக்கு ஒன்றரை மாத ஊசி. இரண்டு தொடையிலும் ஒவ்வொன்று, வலது கையில் சின்னதாக ஒன்று, பிறகு போலியோவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சொட்டு மருந்து. முதல் ஊசி இறங்கியபோது ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் அழுதாள். அவளுக்கும் முன்பே என் அம்மா அழுதாகிவிட்டது. "ராத்திரி காய்ச்சல் வரும், பயப்படாதே. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது, எண்ணெய் வைக்கவும் கூடாது" என்றார் செவிலியர். கடைசி வாக்கியத்தை அம்மாவைப் பார்த்துச் சொன்னார். ஆள் பார்த்துப் பேசத் தெரிந்தவர்.

மாலையில் போடியிலிருந்து தொலைபேசி வந்தது. என் கணவரின் அப்பத்தாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. இடுப்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறார். கொள்ளுப்பேத்தியைப் பார்க்க வேண்டுமாம். தீட்டுக் கழிந்து ஐந்து நாள்கூட ஆகவில்லை என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனாலும் "போகாதே" என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

இரவு காய்ச்சல் 100 வரை ஏறியது. எடைக்குத் தக்கபடி மருத்துவர் எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் சொட்டைக் கொடுத்தேன். விடிவதற்குள் இறங்கிவிட்டது. சாதாரண நாளில் இந்த வயதுப் பிள்ளைக்கு 100.4-ஐத் தொட்டாலே மருத்துவமனைக்கு ஓடி வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் தெர்மாமீட்டரும் மூட்டையில் சேர்ந்தது. சனிக்கிழமைப் பயணம் திங்களுக்குத் தள்ளிப்போனது.

பிப்ரவரி 9, ஞாயிறு

மதுரையிலிருந்து போடிக்கு வாடகைக் காரா, ஆரப்பாளையம் நிலையத்தில் பஸ்ஸா, ரயிலா என்று இரண்டு நாளாக வீட்டில் பஞ்சாயத்து. ரயில்தான் குலுக்காது என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தியதிலிருந்து, 2023 ஜூனில் அகலப்பாதையில் போடிக்கு மறுபடி ரயில் வரும்வரை காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். பேத்தியைச் சாக்கிட்டு அவரும் எங்களோடு வருகிறார்.

மூட்டையில் டயப்பர் பன்னிரண்டு, பழைய வேட்டித் துணி ஒரு கட்டு, கம்பளிக் குல்லா, கொசுவலை. அம்மா தன் பங்குக்கு ஓர் இரும்பு ஆணியும் வேப்பிலைக் கொத்தும் வைத்தாள். கையில் வசம்பு கட்டினாள். அதை உரைத்து நாக்கில் தடவ மட்டும் நான் விடவில்லை. "வெந்நீர்?" என்றாள். ஆறு மாதம் வரை தண்ணீரே கூடாது என்று நூறாவது முறையாகச் சொன்னேன்.

எல்லாம் பிள்ளைக்குத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடிக்கிறவளுக்கு நான் எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. நானே கேட்டேன். "ரயிலில் இடமா இல்லை?" என்றார் கணவர். இடம் இருக்கும். மறைவு?

பிப்ரவரி 10, திங்கள்

ஏழரைக்கு ராகுகாலம். ரயில் எட்டு மணிக்கு மேல்தான். ஆனால் ஏழு மணிக்கே எங்களை வாசற்படி தாண்ட வைத்துவிட்டாள் அம்மா. பாப்பாவின் கன்னத்தில் அவள் இட்ட திருஷ்டிப் பொட்டு ரயில் நிலையம் போய்ச் சேர்வதற்குள் என் தோளுக்கு மாறியிருந்தது.

முன்பதிவில்லாத பெட்டி. ஜன்னலோரம் கிடைத்தது. வடபழஞ்சி வரை தூங்கினாள். உசிலம்பட்டி நெருங்கும்போது விழித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள் பாருங்கள், பெட்டியே திரும்பியது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வயிறு வலி, காதில் காற்று, கண் பட்டுவிட்டது. எதிரே நான்கைந்து ஆண்கள். நான் துப்பட்டாவை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர் ஓரத்தில் இருந்த ஓர் அம்மாச்சி எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து துவைத்து மடித்த சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையை மேலே சாமான் வைக்கும் கம்பியிலும் முடிந்தார். "நீ கொடு தாயி" என்று சொல்லிவிட்டுத் திரைக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஆண்டிபட்டிக் கணவாயில் மலையை வெட்டிப் போட்ட பாதையை அப்பா எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகளும், அதற்குள் வடிகட்டி வந்த வெயிலும்தான்.

குடித்து முடித்ததும் அதே சேலையில் தூளி கட்டித் தரவா என்று கேட்டார். ஓடுகிற ரயிலில் அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. மடியே போதும் என்றேன். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. ஆண்டிபட்டியில் இறங்கிப் போனார். பெயர்கூடக் கேட்கவில்லையே என்று தேனி தாண்டியபிறகுதான் உறைத்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

போடியில் மதுரையைவிடக் குளிர். குல்லா பயன்பட்டது. வீடு முழுக்க ஏலக்காய் வாசனை. பக்கத்து வீட்டில் தரம் பிரிக்கிறார்கள். அப்பத்தாவுக்குப் பார்வை மங்கல். பாப்பாவின் காது, மூக்கு, பாதம் என்று விரலால் தடவியே பார்த்து முடித்தார். "காது உங்கள் பக்கம். பாதம் எங்கள் பக்கம்" என்று பாகப்பிரிவினை செய்தார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "வழியில் எங்கே உட்கார்ந்து பால் கொடுத்தாய்?" என்றார். சுங்குடிச் சேலைக் கதையைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

இங்கிருந்து மதுரைக்கு ரயில் மாலையில்தான். பனியில் இரவு போய் இறங்க வேண்டாம் என்று பஸ் ஏறினோம். வழியில் ஒரு பஸ் நிலையத்தில் பாப்பா விழித்துக்கொண்டாள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. 2015-இல் தமிழகப் பஸ் நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கு அறைகள் திறந்தார்களே, அதில் ஒன்று அங்கேயும் இருந்தது. கதவில் பூட்டு. ஜன்னல் இடுக்கில் பார்த்தால் உள்ளே துடைப்பங்களும் பினாயில் டப்பாக்களும் சௌக்கியமாக இருந்தன. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறாராம்.

பஸ்ஸுக்கே திரும்பி வந்தேன். மூட்டையைப் பிரித்து, போடியில் கிளம்பும்போது அப்பத்தா பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லிக் கொடுத்த பழைய நூல் சேலையை எடுத்தேன். கணவரிடம் ஒரு முனையைக் கொடுத்து, "பிடியுங்கள், அந்தப் பக்கம் பாருங்கள்" என்றேன். மதுரை வரும்வரை கை வலிக்கிறது என்று இரண்டு முறை சொன்னார்.